தூளிக்குள் எடுத்த படம்

பிள்ளையார்பாளையத்தில் சாயப் பட்டறை வைத்திருக்கும் நமச்சிவாயத்தை யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அடுத்தவர் பட்டறையில், கொதிக்கிற அண்டாவில் பட்டு முக்கி இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து, அந்தக் கையாலேயே சொந்தப் பட்டறை கட்டியவர். அரக்கு நிறம் வேண்டுமென்றால் காஞ்சிபுரத்தில் நாலு பட்டறை ஏறி இறங்கிவிட்டு ஐந்தாவதாக அவரிடம்தான் வருவார்கள். முதலிலேயே வந்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பெண்தான் மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி. கேமராவுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற ஆராய்ச்சி செய்கிறவள். மெஷின் லேர்னிங், கம்ப்யூட்டர் விஷன் என்று பெரிய பெரிய பெயர் சொல்வார்கள். விஷயம் இவ்வளவுதான்: ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது இன்னது, அது இன்னது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினால், புதிதாக ஒரு படத்தைக் காட்டும்போது அதுவே சொல்லும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் இது விளங்கும். விளங்காததுபோல் பேசுவது படித்தவர்களின் பழக்கம்.

அரசிக்கு இதில் எப்படி ஆசை வந்தது என்று வெளியூரில் கேட்டால் அவள் ஏதாவது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வாள். தெருவில் இருப்பவர்களுக்கு உண்மை தெரியும். அவளுக்குப் பத்து வயது. ஐப்பசி மழையில் பட்டறைக் கூரை ஒழுக, நமச்சிவாயம் மேலே நீல நிறத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினார். அந்த வாரம் எலுமிச்சை மஞ்சளில் நாற்பது புடவைக்கு நூல் சாயம் ஏற்ற வேண்டும். மாதிரித் துணியை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது கற்றுக்குட்டி வேலை என்பது அவர் கட்சி. கண்ணே போதும். எத்தனை தரம் முக்கியும் மஞ்சள் ஏறவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சாயம், இன்னும் கொஞ்சம் சாயம் என்று போட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த அரசி வாசலில் நின்று சிரித்தாள்.

“இன்னாடி சிரிப்பு?”

“அப்பா, உன் வேட்டி நீலமா இருக்குதுபா.”

நமச்சிவாயம் குனிந்து பார்த்தார். சலவை செய்த வெள்ளை வேட்டி. நூலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிப்போய் வானத்துக்கு நேராகப் பிடித்தார். பழுத்த மாம்பழத் தோலாகப் பளபளத்தது. நாற்பது புடவை நூலும் போச்சு. அவர் கோபப்படவில்லை. அன்றிலிருந்து பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், “இந்த ஊர்ல எனக்கே கண்ணு தெரியலன்னு சொன்ன ஒரே ஆளு என் பொண்ணுதான்” என்று பெருமை அடித்துக்கொண்டார். தார்ப்பாய் மட்டும் மறுநாளே வெள்ளைக்கு மாறியது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்து அரசி இன்ஜினியரிங் முடித்தாள். ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் யாரோ எழுதிய புரோகிராமில் பிழை பார்த்தாள். பிடிக்கவில்லை. மேல்படிப்பு படித்துக்கொண்டே, போன் உதிரிப் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கீறல் கண்டுபிடிக்கும் கேமராவுக்கு வேலை பார்த்தாள். காலை முழுக்க ஒழுங்காக வேலை செய்கிற கேமரா, மூன்று மணி ஆனால் நல்ல பாகத்தையும் கழித்துக் கட்டியது. பெரிய பெரிய ஆட்கள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூன்று நாள் மண்டையை உடைத்தார்கள். மேற்குப் பக்க ஜன்னலுக்குச் சாக்கை மாட்டச் சொன்னாள் அரசி. கேமரா சரியாகிவிட்டது.

வெளிச்சம் மாறினால் நிறம் மாறிவிட்டதாக கேமரா ஏமாறுகிறது. மனுஷன் அவ்வளவு சுலபத்தில் ஏமாறுவதில்லை. ஏன்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்னையில் ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினாள். அவள் எழுதிய முதல் கட்டுரையை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். போனில் கேட்ட நமச்சிவாயம், “எவன்மா அவன்? அட்ரஸ் குடு. நேர்ல போய் நாலு நிறம் காட்டிட்டு வரேன்” என்றார். நாலாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். அட்ரஸ் தேவைப்படவில்லை.

பட்டம் வாங்கி இரண்டு வருஷம் கழித்து ஒரு கருத்தரங்கில் அவள் பேசி முடித்ததும், குழந்தை மருத்துவர் கலியாணசுந்தரம் தேடி வந்தார். “எங்க குழந்தைங்களோட தோல் நிறத்தைச் சரியாச் சொல்ல முடியுமாம்மா?” என்று கேட்டார்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மூன்றாம் நாள், நாலாம் நாள் மஞ்சள் காமாலை தட்டும். பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். சில குழந்தைகளுக்கு இறங்காமல் ஏறிக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் மூளைக்குப் போய்விடும், காது கேட்காமல் போகும், உயிரே கூடப் போகும். நம் ஊர் மாநிறத்தில் இந்த மஞ்சள் சட்டென்று தெரியாது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் செவிலியர் வீட்டுக்கே போய், நிறக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு சின்ன அட்டையைக் குழந்தை பக்கத்தில் வைத்து, போனில் ஒரு படம் எடுக்க வேண்டும். அட்டையில் உள்ள வெள்ளை எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதை வைத்து வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணி, தோலின் மஞ்சளை மெஷின் சொல்லிவிடும். இதுதான் அரசி மூன்று வருஷம் உட்கார்ந்து செய்தது. ஆஸ்பத்திரியில் முந்நூறு குழந்தைகளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மெஷின் சொன்னதும் ரத்தம் சொன்னதும் ஒத்துப்போயின. அடுத்து வீடுகளில் சோதிக்க வேண்டும். எந்த ஊரில்? அரசி யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் என்றாள்.

காஞ்சிபுரத்தைச் சுற்றிப் பதினாலு செவிலியர்களுக்குப் போனும் அட்டையும் கொடுத்தார்கள். அவர்களில் கெட்டிக்காரி பிரவீனா. தென்னேரிப் பக்கம் அவள் போகாத வீடில்லை. அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். இவள் அதே வயல் வரப்பில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போய், அதே நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறவள். பயிற்சி வகுப்பில் மற்ற பதின்மூன்று பேருக்கும் படம் எடுக்கிற முறையைச் செய்து காட்டியதும் அவள்தான்.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் நன்றாகவே போயிற்று. ஆவணி பிறந்ததும் மெஷினுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பத்தே நாளில் படம் எடுத்த அறுபத்தோரு குழந்தைகளில் பத்தொன்பது குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை என்றது. பச்சை உடம்புக்காரிகளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பதினாறு பேருக்கு ஒன்றுமே இல்லை. வாலாஜாபாத் பக்கம் ஒரு தாத்தா செவிலியர் போனைப் பிடுங்கி வாய்க்காலில் வீசப் போனாராம்.

கலியாணசுந்தரம் போனில் நிதானமாகத்தான் பேசினார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன் அரசி. காரணம் தெரியலன்னா நிறுத்திடலாம். நிறுத்தினா மறுபடி பணம் ஒதுக்க மாட்டாங்க, தெரியும் இல்ல?”

தெரியும். மூன்று வருஷ உழைப்பும், அதற்கு முந்தைய ஆறு வருஷப் படிப்பும் அந்த வெள்ளிக்கிழமைக்குள் அடங்கிவிட்டன. அரசி திங்கள்கிழமை காலை பிள்ளையார்பாளையம் வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. குளிப்பாட்டும்போது குழந்தைக்கு மஞ்சள் பூசுகிறார்களோ? பிரவீனாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

பிரவீனா சிரித்துவிட்டாள். “மேடம், இப்ப எந்த வீட்லயும் பொறந்த குழந்தைக்கு மஞ்சள் பூசுறதில்ல. பேபி சோப்பு, பேபி லோஷன், பேபி பவுடர். எங்க ஊரு குழந்தைங்க உங்கள விட நல்லா வாசனையா இருக்குதுங்க.”

“அப்ப வேற இன்னா காரணம்?”

“எனக்கு எப்டி தெரியும்? மெஷினு உங்களது. வேணும்னா நாளைக்கு என் கூட வண்டில வாங்க.”

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் தென்னேரி போனார்கள். ஏரிக் கரையை ஒட்டிய தெருவில் கீர்த்தி என்கிற பெண்ணுக்கு நாலு நாள் முன்னால் ஆண் குழந்தை பிறந்திருந்தது. கூடத்து உத்தரத்தில் புடவைத் தூளி தொங்கிக்கொண்டிருந்தது.

“தூங்குறான் நர்ஸக்கா. இப்பதான் கண்ண மூடினான்” என்றாள் கீர்த்தி.

“நீ கவலப்படாத. எழுப்ப மாட்டேன்.”

பிரவீனா பூனைபோல் தூளி பக்கம் போனாள். இடது கையால் புடவை விளிம்பை ஒரு சாண் விலக்கினாள். அதே கையின் இரண்டு விரலுக்கு நடுவே நிற அட்டையைத் தூளி வாயில் பிடித்தாள். வலது கையால் போனை நீட்டி ஒரு படம். குழந்தை அசையக்கூட இல்லை. கீர்த்தி முகமெல்லாம் மலர்ந்தது. பிரவீனா திரும்பி அரசியைப் பார்த்தாள், பார்த்தீர்களா என்று கேட்பதுபோல.

அரசி போனைப் பார்க்கவில்லை. தூளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை மஞ்சள் நிறப் பருத்திப் புடவை. அவள் கிட்டே போய்த் தலையை உள்ளே நீட்டினாள். வாசல் வெயில் புடவையில் பட்டு வடிந்து, குழந்தை மேல் மஞ்சளாக ஊற்றிக்கொண்டிருந்தது. தூளி வாயில் பிடித்த அட்டை மேலோ தெரு வெளிச்சம் நேராக வெள்ளையாக விழுந்தது. அட்டை ஒரு வெளிச்சத்தில், பிள்ளை வேறு வெளிச்சத்தில். அட்டையைப் பார்த்து வெளிச்சம் வெள்ளை என்று நம்பிய மெஷின், பிள்ளைதான் மஞ்சள் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

“கீர்த்தி, இந்தப் புடவை எப்ப எடுத்தது?”

“ஆடியில அம்மனுக்குக் கூழ் ஊத்தினோமே, அப்ப கட்டினது. தெருவுல எல்லாருமே ஒரே கடையில ஒரே மாதிரி மஞ்சப் புடவை எடுத்தோம்கா. நாலு துவைப்பு துவைச்சா நல்லா மெத்துனு ஆயிடும். தூளிக்கு இத விட்டா வேறெது?”

ஆடி முடிந்து ஆவணியில் ஊர் முழுக்கத் தூளிகள் மஞ்சளாகிவிட்டன. காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

பிரவீனாவின் முகம் சுண்டிவிட்டது. “நான்தான் மேடம் மத்தவங்களுக்கும் இப்டி எடுக்கச் சொல்லிக் குடுத்தேன். அட்டைய நெஞ்சு மேல வெச்சா முழிச்சுக்குதுங்க. பக்கத்துல வைக்கச் சொல்லித்தானே போட்டிருந்துச்சு?”

“நான்தான் அப்டி எழுதிக் குடுத்தேன். உன் மேல தப்பே இல்ல. நீ கூட்டிக்கினு வரலன்னா…” என்று சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்த அரசி பாதியில் நிறுத்தினாள்.

மஞ்சள் தூளி இல்லாத காமாலையை இருப்பதாகக் காட்டினால், நீலத் தூளி இருக்கிற காமாலையை இல்லை என்று காட்டும்.

அவள் கீர்த்தி வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். படத்தில் தோலையும் அட்டையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெட்டி எறியும்படி மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவளேதான். வெட்டி எறிந்த ஓரங்களில்தான் தூளித் துணி இருந்தது. நல்லவேளை, முழுப் படங்களும் சேமிப்பில் இருந்தன. பத்து நாள் படங்கள் அறுபத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மஞ்சள், மஞ்சள், ரோஸ், மஞ்சள். நீலமும் பச்சையுமாக ஐந்து. ஐந்துக்கும் மெஷின் ‘நலம்’ என்று பதில் போட்டிருந்தது.

பிரவீனா ஒவ்வொரு எண்ணாகப் போன் போட்டாள். நாலு வீட்டில் எடுத்தார்கள். பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பாருங்கள் என்றாள். ஐந்தாவது எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சுகாசினி, சின்ன காஞ்சிபுரம், பிறந்து ஆறு நாள், பெண் குழந்தை.

“ஏறுங்க மேடம்” என்று பிரவீனா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

சுகாசினி தாய் வீட்டில் இருந்தாள். முன் அறையில் அவள் அப்பா வீரபத்திரன் தறியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மயில் கழுத்து நீலத்தில் தூளி. பிரவீனாவைக் கண்டதும் சுகாசினி, “வாங்க நர்ஸக்கா. உங்க ஆளுங்க முந்தாநாளே வந்து போட்டோ எடுத்துட்டாங்களே? நல்லா இருக்குதுன்னு மெசேஜ் கூட வந்துச்சு” என்றாள்.

“பால் குடிக்கிறாளா?” என்று கேட்டாள் பிரவீனா.

“குடிக்கிறா, கொஞ்சமா. தூங்கிக்கினே இருக்கா. ரொம்ப சமத்து, அழறதே இல்ல.”

பிரவீனா அரசியைப் பார்த்தாள். அழாத குழந்தையைப் பற்றி அவள் வேறு கணக்கு வைத்திருந்தாள்: காமாலை ஏறிய பிள்ளைதான் பால் குடிக்காமல், அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும்.

“பாப்பாவ வாசலுக்குக் கொண்டாமா. வெளிச்சத்துல ஒரு தரம் பாக்கணும்” என்றாள் அரசி.

தறி நின்றது. “யாருமா நீ? ஆறு நாள் பிள்ளைய வெயில்ல காட்டச் சொல்ற? மெஷினே நல்லாருக்குதுன்னு சொல்லிச்சாம், அதுக்கு மேல உனக்கு இன்னா தெரியும்?” என்றார் வீரபத்திரன்.

“அந்த மெஷினைச் செஞ்சவளே நான்தான்யா. அது சொன்னது தப்பு. அது என் தப்பு. திட்டுறதா இருந்தா அப்பால திட்டுங்க, இப்ப பிள்ளைய வெளிய எடுங்க.”

இவ்வளவு படித்தவள் கூசாமல் தன் தப்பை ஒப்புக்கொண்டதைப் பார்த்து அவர் தறியை விட்டு எழுந்து வழி விட்டார். சுகாசினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிரவீனா நெற்றியில் விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் மஞ்சள். நெஞ்சு மஞ்சள். கால் வரைக்கும் மஞ்சள். இமையை விலக்கினால் கண்ணின் வெள்ளையும் மஞ்சள். தூளிக்குள் மாநிறமாகத் தெரிந்த பிள்ளை.

வீரபத்திரனே ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே வந்தார். அரசி வாங்கிக்கொண்டே வந்தாள். ரத்தத்தில் காமாலை அளவு இருபத்தொன்று. “இன்னும் ஒரு நாள் தாமதிச்சிருந்தா ரத்தமே மாத்த வேண்டியதாயிருக்கும்” என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காமாலையைக் கரைக்கும் நீல விளக்கின் அடியில் படுக்க வைத்தார்கள். மற்ற நாலு குழந்தைகளில் மூன்றுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுக்கு லேசான காமாலை.

அன்று சாயங்காலம் கலியாணசுந்தரத்துக்கு அரசி எல்லாவற்றையும் சொன்னாள்.

“மஞ்சத் தூளி வரைக்கும் எழுதிக் குடும்மா. காரணம் கண்டுபிடிச்சாச்சு, திருத்தியாச்சுன்னு பணம் ஒதுக்குற கமிட்டிகிட்ட சொல்லிடலாம். ஒரு நாள்கூட நிறுத்த வேணாம். நீலத்த எழுதினா நிறுத்தச் சொல்லிடுவாங்க.”

“நிறுத்தட்டும் டாக்டர். இல்லாதத இருக்குன்னு சொன்னா ஆட்டோ செலவோட போச்சு. இருக்கிறத இல்லன்னு சொல்லியிருக்குது. இததான் முதல்ல எழுதணும்.”

எழுதினாள். நிறுத்தச் சொன்னார்கள்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அரசி ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கிடந்தாள். நமச்சிவாயம் தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தார். வாழ்க்கையில் யாரிடமும் தலை குனியாத மனுஷன், அங்கே உட்கார்ந்திருந்த வீரபத்திரன் பக்கத்தில் போய் நின்று, “என் பொண்ணு பண்ணதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்பா” என்றார்.

“அட, உட்காரு அண்ணே. தப்பு பண்ணிட்டு ஓடிப் போறவங்கள நிறைய பாத்திருக்கேன். வாசல் தேடி வந்து சொன்னது உன் பொண்ணு ஒருத்திதான். நீ நல்லா வளத்திருக்க.”

“நான் எங்க வளத்தேன்? தானா வளந்துச்சு” என்றார் நமச்சிவாயம். ஆனால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அளவு பத்துக்கு இறங்கியது. சுகாசினி பிள்ளையோடு வெளியே வந்தாள். பிள்ளை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. சுகாசினிக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“பாருக்கா உன் வேலைய. சமத்தா தூங்கிக்கினு இருந்தவ, இப்ப விடாம அழறா. என் தூக்கமே போச்சு” என்று சொல்லிவிட்டு, பிள்ளையை அரசியின் கையில் வைத்தாள். அரசி அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு மாதம் கழித்துக் காது சோதித்தார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

மெஷினை அவள் நாலு மாதத்தில் திருத்தினாள். அட்டை மேல் விழும் வெளிச்சமும் தோல் மேல் விழும் வெளிச்சமும் ஒத்துப்போகாவிட்டால் இப்போது அது பதில் சொல்லாது. பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவா என்று மட்டும் சொல்லும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததுதான் தன் வேலையிலேயே பெரிய வேலை என்கிறாள் அரசி. முழு உண்மையையும் எழுதிக் கொடுத்ததாலேயே கமிட்டி திரும்பவும் பணம் ஒதுக்கியது. கட்டுரை வெளிவந்தபோது அதை எழுதியவர்கள் வரிசையில் இரண்டாவது பெயர் பிரவீனா.

“என் பேரு எதுக்குக்கா? தப்பா படம் எடுத்ததுக்கா?” என்று பிரவீனா கேட்டாள். மேடம் எப்போதோ அக்காவாகிவிட்டது.

“ஆமா. நீ சரியா எடுத்திருந்தா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது. அஞ்சு பிள்ளைங்களுக்காக அன்னிக்கு நீ ஓட்டினியே வண்டி, அதுக்கும் சேத்துத்தான்.”

தை மாதம் சோதனை திரும்ப ஆரம்பித்தது. இப்போது பிரவீனா எந்த வீட்டுக்குப் போனாலும் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்து, வாசலில் வைத்து, அட்டையை நெஞ்சின் மேல் போட்டுத்தான் படம் எடுக்கிறாள். தூக்கம் கலைந்த பிள்ளைகள் ஊரைக் கூட்டுகின்றன. தாய்மார்கள் முறைக்கிறார்கள். முன்பெல்லாம் காபி கொடுத்தவர்கள் இப்போது தண்ணீர்தான் கொடுக்கிறார்களாம்.

மதியம் ஆனால் சென்னையில் இருக்கும் அரசிக்குப் போன் வரும்.

“அக்கா, இன்னிக்கு மூணு வீட்ல திட்டு. ஒரு அம்மா, தூங்குற பிள்ளைய எழுப்புறியே, நீ நர்ஸா ராட்சசியான்னு கேட்டுச்சு.”

“நீ இன்னா சொன்ன?”

“ராட்சசிதான்மா, கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுன்னு சொன்னேன்.”

பின்னால் ஒரு குழந்தை உச்சக் குரலில் கத்துவது போனில் கேட்கும். அரசி கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு அதைக் கேட்பாள். பிறகு ஒவ்வொரு நாளும் தவறாமல் சொல்வாள்:

“தேங்க்ஸ் பிரவீனா. நாளைக்கும் திட்டு வாங்கு.”